எழுபது கிலோ குரு

அவர் முத்திரை ஆய்வாளர். கடைகளில் இருக்கும் தராசுகள் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பது வேலை. பேசினால் முத்திரை குத்துவார், பேசாவிட்டால் பறிமுதல் செய்வார். தட்டின் அடியில் காந்தம் ஒட்டுகிறவர்கள், எடைக்கல்லைக் குடைந்துவிட்டு மேலே பெயின்ட் அடிக்கிறவர்கள், கட்டை விரலைத் தட்டின் ஓரத்தில் மறந்துவிடுகிறவர்கள் என்று எல்லா வகையையும் பார்த்தவர். அவர் உள்ளே நுழைந்தால் இறைச்சிக் கடைக்காரருக்குத் தானாகவே முதுகு நிமிரும்.

அலுவலகத்தில் அவர் பொறுப்பில் ஒரு வெல்வெட் பெட்டி இருந்தது. அதற்குள் பித்தளை எடைக்கற்கள். கையுறை இல்லாமல் அவற்றைத் தொட மாட்டார். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசைக்குக் கூட எடை உண்டு என்பார். மேலதிகாரி ஒருமுறை பேச்சுவாக்கில் ஒரு கல்லை வெறுங்கையால் எடுத்து உருட்டியபோது, இவர் அதை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினார். அதற்குப் பிறகு மேலதிகாரி இவரோடு பேசும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

இவ்வளவு கறாரான மனிதரின் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. மனைவி மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். எதையும் ஊசி போலக் கேட்பாள்.

"எல்லார் வீட்டுலயும் ஒரு மூலையில ஒண்ணு கிடக்குது. நம்ம வீட்டுல மட்டும் இல்ல. சொன்னா சிரிக்கிறாங்க."

"வீட்டு மெஷின் எல்லாம் பொய் சொல்லும்."

"உண்மை சொல்றதா ஒண்ணு கொண்டாங்க. உங்க ஆபீஸ்ல குவிஞ்சு கிடக்குதே."

"அது அரசாங்கச் சொத்து."

"வயிறு மட்டும் சொந்தச் சொத்தாக்கும்."

அவர் என்ன சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது.

ஒருநாள் அலுவலக வண்டி சிக்னலில் நின்றிருந்தது. வாய்க்கால் ஓரச் சாலையில் ஒரு பெண் ஸ்கேட்போர்டில் போனாள். முதுகில் பை, காதில் பாட்டு. கால் தரையில் படவே இல்லை. பின்னால் யாரும் தள்ளவில்லை, மோட்டாரும் இல்லை. இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள், பலகை நெளிந்து நெளிந்து முன்னேறியது. வண்டியைத் தாண்டிப் போய்விட்டாள். பாரம் வைக்காமல் தட்டு இறங்காது என்பதை வைத்தே சோறு தின்கிற மனிதர் அவர். எது அவளைத் தள்ளியது? சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்த பிறகும் அவர் அந்தக் கேள்வியிலேயே இருந்தார்.

அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பம்பிங் என்று பெயர். சூட்சுமம் பலகையின் அடியில் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு உலோக அச்சுகள். ட்ரக் என்பார்கள். நிற்பவர் சாய்ந்தால் அச்சும் சாய்ந்து சக்கரங்களைத் திருப்பும். திருப்பத்துக்குத் திருப்பம் உடம்பு கொடுக்கும் அழுத்தம் முன்னே தள்ளும் விசையாக மாறும். பலகை கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருந்தால், அழுத்தியதை அது வில் போலத் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு ட்ரக்கின் நடுவிலும் புஷிங் என்று இரண்டு ரப்பர் வளையங்கள். பாரத்தைத் தாங்குவதும், சாய்ந்ததை நிமிர்த்துவதும் அவைதான். கனத்த ஆளுக்குக் கடினமான புஷிங், லேசான ஆளுக்கு மெத்தென்ற புஷிங். நிறத்தைப் பார்த்தே கடினம் என்ன என்று சொல்லிவிடலாம்.

ஆக, எல்லாம் எடையில் வந்து நின்றது. இது தன் துறை என்று அவருக்குப் பட்டது.

அலுவலகத்தில் ஒருவரிடம் ட்ரக் வாங்கப்போவதாகச் சொன்னார். லாரித் தொழிலில் இறங்குகிறார் என்று செய்தி பரவி, கடன் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அதோடு வெளியில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

படிக்க ஆரம்பித்தார். ஒரு வருடம் படித்தார். ட்ரக்கின் அகலம், சாய்கோணம், அச்சின் நடுவில் ஓடும் போல்ட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வரை படித்தார். இந்த ஊர்க்காரர்களே நடத்திய 'பலகைக் குடும்பம்' என்ற போன் குழுவில் சேர்ந்தார். முகப்புப் படமாகப் பித்தளை எடைக்கல் ஒன்றை வைத்துக்கொண்டார். யாரோ ஒருவர் வளையும் பலகைக்கு எந்த ட்ரக் நல்லது என்று கேட்க, பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி அந்த ஆளைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுதினார்:

"முன் ட்ரக் நன்றாகத் திரும்ப வேண்டும். பின் ட்ரக் அடங்கி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி திரும்பினால் பலகை மீன் போலத் துள்ளும், முன்னே போகாது. அச்சின் அகலம் பலகையை மீறக் கூடாது. பலகை வளைந்து சக்கரத்தில் உரசினால் சக்கரம் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். எடை என்ன?"

அரசாணை போல இருந்தது. குழு அசந்துபோனது. கேட்டவர் எடை சொன்னார், இவர் புஷிங் சொன்னார், அந்த ஆள் வாங்கிப் போட்டுவிட்டுப் பறப்பதாக எழுதினார். அடுத்து ஒருவர் கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். குழுவின் நிர்வாகி ஆக்கினார்கள். 'சார்' என்று தொடங்கியவர்கள் 'அண்ணா' என்றார்கள், அப்புறம் 'குரு' என்றார்கள். எடையைச் சொல்லத் தயங்கிய ஒருவருக்கு, "எடையில் பொய் சொன்னால் ரப்பர் மன்னிக்காது" என்று எழுதினார். அது குழுவின் வேதவாக்காகிவிட்டது.

வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் மிக்சி ஓடும். அலுவலகத்தில் போன் குறுக்கே வரும். அவர் வாயைத் திறப்பதற்காக நாலு பேர் காத்திருந்தது அந்தக் குழுவில் மட்டும்தான்.

குழுவில் சேர்ந்த முதல் நாளே அவருடைய எடையையும் கேட்டிருந்தார்கள். எழுபது என்று எழுதினார். பொய் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. அது வேலையில் சேர்ந்தபோது மருத்துவச் சான்றிதழில் இருந்த எடை. அரசு மருத்துவர் கையெழுத்துப் போட்டது. தகவல் கொஞ்சம் பழையது, அவ்வளவுதான்.

புதிய தகவலும் அவருக்குத் தெரியும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் அலுவலகத்தின் மூட்டைத் தராசில் ஏறி நின்றார். தொண்ணூற்று மூன்று காட்டியது. உடனே இறங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாக வைத்து அந்தத் தராசைச் சோதித்தார். தராசு சரியாக இருந்தது. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு தராசு சரியாக இருந்ததற்காக வருத்தப்பட்டது அன்று மட்டும்தான்.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. ஊருக்கெல்லாம் ட்ரக் சொன்ன மனிதரால் தனக்கு ஒன்று தேர்ந்தெடுக்க முடியவில்லை. பலகையை மட்டும் வாங்கிவிட்டார். மூங்கிலில் செய்த, அழகாக வளைகிற பலகை. எழுபது கிலோவுக்கு ஏற்றது. ட்ரக் என்று உட்கார்ந்தால் கணக்கு எடையில் போய் முட்டியது. எழுபது போட்டால் ஒரு விடை, தொண்ணூற்று மூன்று போட்டால் வேறு விடை. அந்த இரண்டாவது விடை, பலகையே தப்பு என்று சொன்னது. அதனால் அவர் கணக்கை முடிக்காமலே வைத்திருந்தார். மனைவி அந்தப் பலகையை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவில் போட்டு மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள். போர்வைகளைத் தாங்காமல் அது நடுவில் தொங்கியது.

"குரு, நீங்க எந்த ட்ரக்ல ஓட்டறீங்க?" என்று யாராவது கேட்டால், "இன்னும் தேர்வில் இருக்கிறேன்" என்று எழுதுவார். இவ்வளவு பெரிய ஆள் இன்னும் தேர்வில் இருக்கிறார் என்றால் இது எவ்வளவு பெரிய கடல் என்று குழு வியந்தது. நேரில் சந்திக்கலாம் என்று அழைத்தபோதெல்லாம் முழங்கால், வெளியூர் வேலை, முழங்கால் என்று மாற்றி மாற்றி நழுவினார்.

கடைசியில் குழுவே ஒரு முடிவுக்கு வந்தது. எல்லோரும் சேர்ந்து குருவுக்கு ஒரு ஜோடி ட்ரக் வாங்கிக் கொடுப்பது. தேர்வுச் சுமையை அவர் தலையிலிருந்து இறக்கிவிடுவது. குரு சொன்ன அதே கணக்குப்படி, எழுபது கிலோவுக்கு, வளையும் பலகைக்கு என்று தேடித் தேடி வாங்கினார்கள். குழுவில் இருந்த கூரியர்க்காரர் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

கூரியர்க்காரர் வந்து மணி அடித்தபோது அவர் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

"குரு இருக்காருங்களா?"

"எந்தக் குரு?" என்றாள் மனைவி.

"முத்திரை ஆய்வாளர் சார்."

"அவரா? குளிக்கிறார்."

"பரவால்லக்கா, நிக்கிறேன். ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"அப்படி என்ன இருக்கு அந்த முகத்துல?"

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க! எங்களுக்கெல்லாம் அவர்தான்."

உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கூரியர்க்காரர் இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரும் கூடுவதாகவும், குரு இதில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள். "வெளிய வாங்க. சிஷ்யப்பிள்ளை போயாச்சு. தொட்டித் தண்ணியும் போயாச்சு."

ட்ரக்குகள் அழகாக இருந்தன. வெள்ளி நிறம். நடுவில் ஊதா நிறப் புஷிங், மெத்தென்று. துணிகளை இறக்கிவிட்டுப் பலகையை எடுத்தார். முன்னது முன்னால், பின்னது பின்னால். போல்ட்டுகளை முறுக்கினார். படித்ததெல்லாம் கைக்கு வந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். பலகை தொட்டில் போலத் தொங்கியது. லேசாகச் சாய்ந்தார். புஷிங் பிதுங்கியது, பலகை சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. சக்கரம் நின்றுவிட்டது. அவர் அலமாரியோடு இரண்டடி நகர்ந்தார்.

எழுபது இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியைப் பலமுறை எழுதி அழித்தார். சொன்னால் குரு இல்லை. குரு இல்லை என்றால் மறுபடியும் மிக்சிச் சத்தம்தான்.

கடினமான புஷிங் ஒரு செட் வரவழைத்தார். அது மஞ்சள் நிறம். ஊதாவுக்குப் பதில் மஞ்சள் இருந்தால் குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், தெரிய வைத்தவரே அவர்தான். ஒரு மாலை வேலையிலிருந்து வந்த மனைவி, செய்தித்தாள் விரித்த சமையலறை மேஜையில் கணவர் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையில் அவளுடைய ஊதா நிற நெயில் பாலிஷ்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு சின்ன வேலை."

"அந்தக் கலரை நானே ஒரு தடவைதான் போட்டேன். உங்களுக்கு என்ன விசேஷம்?"

அவர் சொன்னார். எழுபதைச் சொன்னார், தொண்ணூற்று மூன்றைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். அவள் பையைக் கூட இறக்காமல் கேட்டாள்.

"கல்லுக்குப் பெயின்ட் அடிச்சான்னு எத்தனை கடைக்காரனைப் பிடிச்சிருக்கீங்க?"

"அது வியாபாரம். ஏமாத்து."

"இது?"

அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு தடவை பூசணுமா?"

"ஒண்ணு காஞ்சப்புறம்தான் இன்னொண்ணு. அதுவும் ரப்பர்ல எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியாது," என்றாள். போகிற போக்கில், "ஓரத்துல விட்டுட்டீங்க பாருங்க," என்று விரலால் காட்டிவிட்டுப் போனாள்.

ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு கறுப்புத் தகடுகளும் வைத்துப் பலகையை உயர்த்தினார். இப்போது ஏறி நின்றால் சக்கரம் உரசவில்லை. அலமாரி தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை டீ சர்ட் போட்டிருந்தார்கள். நெஞ்சில் பெரிய எழுத்தில்: 'எடையில் பொய் சொன்னால் ரப்பர் மன்னிக்காது.' அதற்குக் கீழே ஒரு எடைக்கல் படம்.

அவரைப் பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் முகத்தில் தொடங்கி வயிற்றில் வந்து தங்கியது.

கூரியர்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணா... எழுபதா?"

வங்கிக் காசாளர் முழங்கையால் அவரை இடித்தார். குழுவிலேயே மூத்த பக்தர் அவர்தான், டீ சர்ட் யோசனையும் அவருடையது. "நேர்ல பார்த்தா எல்லாரும் கொஞ்சம் பெருசாத்தான்யா தெரிவாங்க. ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் பார்க்கிறவருக்குத் தன்னோட எடை தெரியாதா? யார்கிட்டப் பேசறோம்னு தெரிஞ்சு பேசு."

"இல்ல, கண்ணுக்கு..."

"கண்ணு என்ன தராசா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காசாளர் ஒரு டீ சர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். எழுபது கிலோ ஆளின் அளவு. "அப்புறம் போட்டுக்கறேன், வேர்க்கும்," என்று சொல்லி, குரு அதைத் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டார். அதுவும் எளிமையாகப் பட்டதால் இரண்டு பேர் தங்கள் டீ சர்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

பலகையைத் தரையில் வைத்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"குரு, உயரத் தகடு வெச்சிருக்கீங்க! வேண்டாம்னு நீங்கதானே எங்களைத் திட்டுவீங்க?"

"புதுசா ஓட்டறவங்களுக்கு வேண்டாம்னேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி, பல் மருத்துவமனை நர்ஸ் தன் பலகையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நல்ல உடம்புக்காரி. போன வருடம் குரு சொன்ன புஷிங்கைப் போட்டு ஓட்டி, விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். அப்போது குழுவில் விசாரணை நடந்தது. சாலை சரியில்லை என்று குரு தீர்ப்பெழுதினார். நர்ஸும் சாலையையே குறை சொல்லிவிட்டு அடங்கிவிட்டார். மணிக்கட்டு ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகவே சேர்ந்துவிட்டது.

குரு காசாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பலகை வளைந்தது, ஆனால் தாங்கியது. தோளை விட்டார். இடுப்பை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினார். பலகை நெளிந்தது. மெல்ல, யாரோ பின்னாலிருந்து விரலால் தள்ளியதுபோல, முன்னே போனது. யாரும் தள்ளவில்லை. வாய்க்கால் ஓரச் சாலையில் போன பெண்ணைத் தள்ளியது எது என்பது அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கார் நீளம் போயிருப்பார். கைதட்டினார்கள்.

"சார்," என்றார் நர்ஸ், "உங்க புஷிங் உரியுது."

பலகை வந்த வழியெல்லாம் ஊதாத் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. பிதுங்கிய ரப்பரில் பூச்சு வெடித்து, அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. நர்ஸ் ஒரு துணுக்கை எடுத்துத் தன் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "இது நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு."

"என்னம்மா நீங்க! யாருகிட்ட என்ன பேசறீங்க?" என்று காசாளர் பாய்ந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து ட்ரக்கை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரெண்டு அடுக்குய்யா! வெளிய மெத்துனு ஒண்ணு, உள்ள கெட்டியா ஒண்ணு. குரு இத்தனை நாளா 'தேர்வு'ன்னு சொன்னது இதைத்தான். நாம அனுப்பினதையே எப்படி மாத்தியிருக்கார் பாருங்க!"

ஆளாளுக்குக் குனிந்தார்கள். ரெண்டு அடுக்கு, ரெண்டு அடுக்கு என்று வாய்க்கு வாய் ஓடியது. கூரியர்க்காரர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கயும் விக்கலண்ணா. உலகத்துலயே இல்ல," என்றார். "அப்ப நாமளே பண்ணிடலாம்," என்றார் காசாளர். "கெட்டியானது யார்கிட்ட இருக்கு? மெத்துனு இருக்கிறதையே போட்டு மேல ஏதாவது பூசினா என்ன? எம்மா, உங்க புஷிங் ஊதாதானே? உங்கதுலயே முதல்ல பண்ணிப் பார்த்துடலாம்."

நர்ஸ் குருவைப் பார்த்தார். "பண்ணலாமா சார்? நீங்க சொன்னாப் பண்ணிடறேன்."

ஆம் என்று தலையாட்டினால் போதும். ஒரு தலையாட்டலில் அவர் உலகத்திலேயே இல்லாத புஷிங்கைக் கண்டுபிடித்தவர் ஆகிவிடுவார். அவர் நர்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை, போன வருடம் தான் தீர்ப்பெழுதிய அந்த மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"அது நெயில் பாலிஷ்தாம்மா," என்றார். "என் மனைவியோடது. அடியில இருக்கிறது கெட்டிப் புஷிங். என் எடை தொண்ணூத்து மூணு."

கூரியர்க்காரர் சிரித்தார். "குரு ஜோக்கெல்லாம் அடிப்பார்னு தெரியாதே!"

"ஜோக் இல்ல தம்பி. எழுபது கல்யாணத்துக்கு முன்னாடி."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய நெஞ்சிலும் அந்த வாசகம் பெரிய எழுத்தில் இருந்தது. தோளில் போட்டிருந்தவர்கள் அதைக் கையால் சுருட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டு வருஷம்," என்றார் காசாளர். "ரெண்டு வருஷமா எங்க எல்லார் காதுலயும் பூ சுத்தியிருக்கீங்க. அப்ப எனக்கு நீங்க சொன்ன ட்ரக்?"

"ட்ரக் சரிதான். நீங்க சொன்ன எடை சரின்னா."

"சரிதான்."

"சரியா?"

காசாளர் கிடங்குச் சுவரைப் பார்த்தார். "சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் பதினோரு கிலோ குறைச்சுத்தான் சொன்னேன். இத்தனை ஆம்பளைங்க இருக்கிற குழுவுல யாரு உள்ளதைச் சொல்லுவா? விழுந்தப்ப, சாலைதான் காரணம்னு சார் எழுதினாரு. அப்பாடான்னு இருந்துச்சு."

"நான் ஏத்திச் சொன்னேன்," என்றார் கூரியர்க்காரர். குச்சி போன்ற உடம்பு. "குறைச்சலாச் சொன்னா அசிங்கமா இருக்காதா? அதான் என் பலகை திரும்பவே மாட்டேங்குது போல."

அதற்குப் பிறகு யாரையும் யாரும் கேட்கவில்லை. அவரவர் தங்கள் பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் புஷிங்கைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக அந்தக் குழுவில் காற்று, வெயில், சாலை, சக்கரம், செருப்பு என்று எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய பையிலும் போன் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. அவருடையதும். எடுத்துப் பார்த்தார். அவர் இனிமேல் குழுவின் நிர்வாகி இல்லை. நீக்கியவர் காசாளர், நாலடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூரியர்க்காரர் புதிய நிர்வாகி.

குருவாக இருந்தவர் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கூரியர்க்காரரிடம் போனார். வேலை போனவர் புதிதாக வந்தவரிடம் போவதுபோலக் கொஞ்சம் தயங்கித்தான் போனார். "தம்பி, எனக்கு எது சரியா வரும்?"

கூரியர்க்காரர் பலகையை வாங்கினார், முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தார். பதவி வந்ததும் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "ட்ரக்கெல்லாம் அப்புறம்ணா. இந்தப் பலகையே உங்களுக்கு ஆகாது. வித்துடுங்க."

"யாருக்கு?"

"எழுபது கிலோ இருக்கிற யாருக்காவது."

சொல்லிவிட்டு, வாங்கக்கூடியவர் யார் என்று கூரியர்க்காரர் சுற்றிலும் பார்த்தார். எழுபது என்று குழுவில் எழுதியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் ஷூ லேசைக் கட்டினார். ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்ததுபோலப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அந்த நிறுத்துமிடத்தில் எழுபது கிலோ உள்ளவர் யாருமே இல்லை.

"இதுல ஏறிப் பாருங்க சார்," என்று நர்ஸ் தன் பலகையைக் காலால் தள்ளிவிட்டார். "கெட்டியான பலகை, வளையாது. ஆனா ரப்பர் மெத்துனு இருக்கு, பார்த்து."

இருவரும் உட்கார்ந்து அவர் பலகையிலிருந்து மஞ்சள் புஷிங்குகளைக் கழற்றி நர்ஸின் ட்ரக்கில் மாட்டினார்கள். ஒட்டியிருந்த ஊதாவை நர்ஸ் நகத்தால் சுரண்டிப் போட்டார். அதற்குள் அந்தப் பக்கம் சண்டை ஆரம்பமாகியிருந்தது. சாப்பாட்டுக்கு முன் எடையா, பின் எடையா, செருப்போடா, செருப்பில்லாமலா, முதுகுப் பையைச் சேர்க்கலாமா என்று காசாளர் கேட்க, புதிய நிர்வாகி ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நர்ஸின் பலகையில் ஏறினார். பிடித்துக்கொள்ளத் தோள் எதுவும் இல்லை. ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார், பலகை நெளிந்து புறப்பட்டது. ஒரு கார் நீளத்தைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. கைதட்டல் வரவில்லை. அவருக்கும் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை, சுவர் வந்துகொண்டிருந்தது.

"இடுப்பு சார், இடுப்பு!" என்று பின்னாலிருந்து நர்ஸ் கத்தினார். "தோளை ஏன் ஆட்டறீங்க!"